அறிபுனை, மிகுபுனைவு வாசகர்களே, இந்த மாதம் உங்கள் கையில் என்ன புத்தகம்?

நிலவுக்கல்:
புது மாதம், புது இழை. போன மாதம் பெயர்களாகவே அடுக்கிவிட்டோம். நாற்பது புத்தகப் பெயர் சேர்ந்தது, யாருக்கு எது ஏன் பிடித்தது என்று ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை பெயரோடு, மனசில் நின்ற ஓர் இடத்தையும் எழுதுங்கள். முடிவைச் சொல்வதாக இருந்தால் மேலேயே எச்சரித்துவிடுங்கள்.

நானே தொடங்குகிறேன். ஸ்தானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்', மறுவாசிப்பு. கல்லூரியில் படித்தது 1970-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு. அது போலிஷ் மூலத்திலிருந்து வந்ததல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பில் ஜான்ஸ்டன் மூலத்திலிருந்தே செய்த மொழிபெயர்ப்பு 2011-இல் வந்தது. அதைத்தான் இப்போது படிக்கிறேன். பழைய பதிப்பில் 'ரேயா' என்று இருந்தவளின் பெயர் மூலத்தில் 'ஹாரே'. 'ஸ்னோ' என்பவர் 'ஸ்னௌட்'. இத்தனை வருடம் மனசில் வைத்திருந்த ஒருத்தியின் பெயரே வேறு என்று தெரிந்தபோது நிஜமாகவே சங்கடமாக இருந்தது.

மனசில் நின்ற இடம்: நாயகனின் செத்துப்போன மனைவி விண்வெளி நிலையத்தில் திரும்ப வந்து நிற்கிறாள். உடை மாற்றப் போகும்போதுதான் தெரிகிறது, அந்த உடையைத் திறக்க வழியே இல்லை. பொத்தான்கள் வெறும் அலங்காரம். கத்தரியால் வெட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. அந்தக் கிரகத்தை மூடிக் கிடக்கும் உயிருள்ள கடல், அவனுடைய ஞாபகத்திலிருந்து தைத்த உடை அது. அவள் அதை எப்படிப் போட்டுக்கொண்டாள் என்பது அவன் ஞாபகத்தில் இல்லை. பேய்க்கதை எத்தனையோ படித்திருக்கிறேன், இந்தப் பொத்தான் அளவுக்கு எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

ஆறாம்விரல்:
லியூ சிஷின் எழுதிய 'தி த்ரீ பாடி பிராப்ளம்'. தொடர் வந்த பிறகுதான் எடுத்தேன், தாமதம்தான். கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967-இல், கலாசாரப் புரட்சியின்போது ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையில் நிறுத்தி அடித்தே கொல்லும் காட்சியோடு தொடங்குகிறது. சீனப் புத்தகத்தில் அந்தப் பகுதி நடுவில் ஒதுங்கி இருந்ததாம். ஆங்கிலத்தில் அதை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கூட்டத்தில் அந்தப் பேராசிரியரின் மகள் நிற்கிறாள். பின்னால் வானத்தைப் பார்த்து அவள் ஒரு பொத்தானை அழுத்தும்போது, இந்த முதல் காட்சி இல்லாவிட்டால் அவளை நான் வெறுத்திருப்பேன். அத்தியாயத்தை இடம் மாற்றியது சின்ன வேலை இல்லை.

பனைநிழல்:
நான் வாசிக்கிறது எங்கட தீவுக்காரர் ஒருத்தர் எழுதினது. வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). அதுக்கு நெபுலா விருதும் கிடைச்சது. ஃபெட்டர் எண்ட பிள்ளை பிறந்த உடனயே தாய் ஒரு ஆணியால அவன்ர நிழலைப் பிய்ச்சு எறியிறா. நிழல் இல்லாத பிள்ளைக்கு நிலத்தோட ஒட்டு இல்லை, மனசை விட்டா மேல மிதந்து போவான். தகப்பன் பெரிய மகான், ஊரே கும்பிடுற ஆள். அவரைக் கொல்லுறதுக்காகத்தான் தாய் இவனை வளர்க்கிறா. வளர்ந்த பிறகு அவன் அதை விட்டுட்டு ஒரு நகரத்துக்குப் போயிடுறான். அங்க ஒருத்தராலயும் திறக்க ஏலாத கதவுகள்.

நான் புத்தகத்தை மூடி வைச்ச இடம் கதவு இல்லை. ஆக்களை வகை பிரிச்சு, அட்டை குடுத்து, முகாமுக்கு அனுப்புற பகுதி. மந்திரமும் மிதக்கிறதும் இருக்கிற ஒரு கதைக்குள்ள அந்த வரிசையும் அந்தப் படிவமும் அப்பிடியே வருது. எங்கட வீட்டில அப்பிடி ஒரு வரிசையில நிண்டவை இருக்கினம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் திரும்ப எடுத்தன்.

பேரேடு:
எனக்கு அறுபத்திரண்டு வயது. எண்பதுகளில் விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தபோது, வியாழக்கிழமை கடைக்குக் கட்டு வந்து பிரிக்கும் வரை வாசலில் நின்றவன். கதை நடப்பது அன்றைக்கு எதிர்காலமாக இருந்த ஒரு வருடத்தில். அந்த வருடம் வந்ததும் புத்தகத்தை எடுத்து மறுபடி படித்தேன். இந்த மாதம் பேத்திக்காக மூன்றாவது முறை. எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும், அந்த அனுமதி வந்த சந்தோஷத்தில்தான் கதையே தொடங்கும். பேத்திக்கு ஜீனோவைத் தவிர யாரும் முக்கியமில்லை. அந்த இயந்திர நாய் வராத பக்கங்களில் "தாத்தா, ஜீனோ எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எண்பதுகளில் நாங்களும் அதைத்தான் கேட்டோம்.

செங்காட்டுப்பூ:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை. ஒரு சந்தேகம் கேக்கணும்.

அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திருச்சு. சர்க்கரை எறங்கட்டும்னு ஆபரேஷனைத் தள்ளி வெச்சிருக்காங்க. ஈரோட்டுல மஞ்சள் மண்டியில நாப்பது வருசம் கணக்கு எழுதுன ஆளு, படிக்காம இருக்க முடியாது. மேல ஐயா சொன்ன அதே தொடரை அப்பாவும் வாராவாரம் படிச்சிருக்கு. "எனக்கு எதாச்சும் படிச்சுக் காட்டு, ஆனா நான் முன்னாடி படிச்சதா இருக்கக் கூடாது"ன்னு அப்பா சொல்லுச்சு. என் கையில இருந்தது உர்சுலா லெ குவின் எழுதுன 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969). ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, ஒரு மணி நேரம், நான் இங்கிலீஷ்ல பாத்துப் பாத்துத் தமிழ்ல சொல்லிட்டு வரேன்.

படிக்காதவங்களுக்கு: கெதென்னு ஒரு பனி உலகம். அங்க இருக்கறவங்க ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. மாசத்துல சில நாள் மட்டும் ரெண்டுல ஒண்ணா மாறுவாங்க, எந்தப் பக்கம்னு முன்னாடியே தெரியாது. ஒருத்தரே ஒரு பிள்ளைக்கு அம்மாவாவும் இன்னொரு பிள்ளைக்கு அப்பாவாவும் இருக்கலாம். அங்க நம்ம மாதிரி ஒரு ஆம்பளை தூதனா வர்றான், பேரு ஜென்லி ஆய். அவனுக்கு உதவி பண்ற அந்த ஊர் மந்திரி எஸ்ட்ராவென்.

புத்தகத்துல எல்லாருக்கும் 'ஹி'தான். தமிழ்ல நான் எஸ்ட்ராவெனை என்னன்னு சொல்றது? 'அவன்'னு ஆரம்பிச்சேன். ரெண்டாம் நாள் அப்பா, "ஆம்பளையும் இல்ல பொம்பளையும் இல்லைங்கற, அப்பறம் என்னத்துக்கு அவன் அவன்ங்கற?"ன்னு கேட்டுச்சு. 'அவர்'னு மாத்துனேன், கோயில் கமிட்டித் தலைவரைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு. யாராச்சும் வழி சொல்லுங்க.

யாழிசை:
'அவர்' சரியாகத்தான் வரும். லெ குவினுக்கு ஆங்கிலத்தில் கிடைக்காத வசதி அது. எத்தனையோ பேர் அந்த 'ஹி'யைக் குறை சொன்னார்கள். நம்மிடம் ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் காலங்காலமாக இருக்கிறது, வினைமுற்றோடு சேர்த்து. வந்தார், போனார், முடிந்தது.

நான் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. இப்போது படிப்பது ஆன் லெக்கியின் 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' (2013). அதில் கதைசொல்லியின் மொழிக்குப் பால் வேறுபாடே கிடையாது, அதனால் எல்லாரையும் 'ஷி' என்றே சொல்லிக்கொண்டு போகும். தாடி வைத்தவரும் 'ஷி'தான். இதை மட்டும் தமிழில் 'அவர்' போட்டால் கெட்டுப்போகும், 'அவள்' என்றே வைக்க வேண்டும். படிப்பவருக்கு உறுத்தத்தான் அந்தச் சொல்லை அங்கே வைத்திருக்கிறார்.

இரண்டாம்வரைவு:
மொழிபெயர்ப்பு என் தொழில். பெரும்பாலும் மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம். ஆனால் லெ குவினை இருபது வருடமாகப் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழிசை, 'அவர்' பால் இல்லாத சொல்தான், ஆனால் எடை இல்லாத சொல் அல்ல. அதில் மரியாதை இருக்கிறது, மரியாதைக்குள் ஒரு தூரமும் இருக்கிறது. புத்தகத்தில் ஜென்லி சொல்லும் ஓர் அத்தியாயத்தில் அரசர் கருவுற்றிருக்கும் செய்தி வரும், மிகப் பிரபலமான வரி. "அரசர் கருவுற்றிருந்தார்" என்று தமிழில் எழுதினால் அரசவைக் குறிப்பு போல அமைதியாகக் கடந்துபோய்விடும். "அரசன் கர்ப்பமாக இருந்தான்" என்று எழுதினால்தான் படிப்பவருக்குத் தூக்கிப் போடும். ஆங்கிலத்தில் 'கிங்' செய்யும் வேலையை நம் 'அரசர்' செய்யாது.

இன்னொன்று. பெரும்பாலான அத்தியாயங்களைச் சொல்வது ஜென்லி. எஸ்ட்ராவெனிடம் பெண்மை தெரியும்போதெல்லாம் அவனுக்குச் சந்தேகம் வருகிறது, அதனாலேயே தன் ஒரே நண்பரை நம்பாமல் போகிறான். அந்தக் கண்ணுக்கு 'அவன்'தான் தெரியும். எடுத்த எடுப்பிலேயே 'அவர்' போட்டுவிட்டால் ஜென்லி செய்யும் தப்பை நாம் முன்கூட்டியே திருத்திவிட்டோம் என்று ஆகிவிடும்.

லெ குவினே இதில் ஓரிடத்தில் நின்றவர் அல்ல. 1976-இல் எழுதிய கட்டுரையில் 'ஹி' போட்டதற்கு நியாயம் சொன்னார். பத்து வருடம் கழித்து அதே கட்டுரைக்குக் குறிப்பு எழுதிச் சேர்த்து, தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டார். அதே பனி உலகத்தில் நடக்கும் 'வின்டர்ஸ் கிங்' என்ற சிறுகதையை 1975 தொகுப்பில் சேர்க்கும்போது, அரசன் என்ற பட்டத்தை அப்படியே விட்டு, எல்லா இடத்திலும் 'ஷி' என்று மாற்றினார். தன் கதையையே எடுத்துத் திருத்திப் பார்த்தவர். அவரை எனக்கு இவ்வளவு பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

இப்போது செங்காட்டுப்பூ, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பதிவை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். "அப்பா சொல்லுச்சு." "அப்பா கேட்டுச்சு." உங்கள் அப்பாவை நீங்கள் ஓரிடத்தில்கூட 'அவன்' என்றோ 'அவர்' என்றோ எழுதவில்லை. வினைமுற்றில் பால் இல்லை, தூரமும் இல்லை, பாசம் குறையவும் இல்லை. நீங்கள் தேடும் சொல் உங்கள் வீட்டிலேயே புழங்குகிறது.

செங்காட்டுப்பூ:
அய்யோ, ஆமாங்க. எழுதறப்ப தெரியவே இல்ல. எங்க வீட்ல அம்மா, அப்பா, அண்ணன், ஆத்தா எல்லாத்துக்கும் அதேதான். "அண்ணன் வந்துச்சு, சாப்பிட்டுச்சு, போயிருச்சு." வெளியாளுங்களுக்குத்தான் 'வந்தாரு', 'வந்தாங்க'.

பனைநிழல்:
மன்னிக்கோணும், இதை என்னால ஏற்க ஏலாது. எங்கட பக்கம் ஒரு வளர்ந்த ஆளை 'வந்தது' எண்டு சொன்னா அது ஏச்சுத்தான். குழந்தைப்பிள்ளையைச் சொல்லலாம், ஆடு மாட்டைச் சொல்லலாம். பகிடிக்கும் கோவத்துக்கும் சொல்லுறது. ஒரு மந்திரியை, அதுவும் இவ்வளவு நல்ல ஒரு ஆளை, 'எஸ்ட்ராவென் வந்தது' எண்டு புத்தகத்தில கண்டா நான் அந்த மொழிபெயர்ப்பை மூடி வைப்பன். மனிசரை அஃறிணை ஆக்கிறது எண்டா என்ன எண்டு எங்களுக்குத் தெரியும். நான் மேல சொன்ன நாவலில அந்த முகாம் பகுதியும் அதைத்தான் சொல்லுது.

இரண்டாம்வரைவு:
நியாயம். அச்சுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அச்சில் 'வந்தது' என்று எழுதினால் நீங்கள் சொல்லும் அந்தக் காயமும் கூடவே வரும். நான் சொன்னது ஒரு வீட்டில், ஒரு மகள், ஒரு அப்பாவுக்குச் சொல்லும் கதைக்கு. அங்கே 'வந்துச்சு' என்பதற்கு வேறு அர்த்தமே இல்லை.

பேரேடு:
ஜீனோவுக்கும் அஃறிணைதானே! ஜீனோ சொன்னது, ஜீனோ வந்தது. நாங்கள் யாரும் அதை இயந்திரமாக நினைக்கவில்லை. புத்தகத்தில் வரும் மனிதர்களைவிட அதுதான் எங்களுக்கு நெருக்கம். இலக்கணம் அஃறிணை என்று சொல்லிக்கொண்டே இருக்கும், மனசு ஒத்துக்கொள்ளாது.

ஆறாம்விரல்:
இதைப் படித்ததும் மார்த்தா வெல்ஸின் மர்டர்பாட் தொடர் ஞாபகம் வந்தது. 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017) முதல் புத்தகம், மெலிசானது, ஒரே நாளில் முடிக்கலாம். பாதுகாப்பு இயந்திரம் தானே கதை சொல்கிறது. மற்றவர்கள் அதை 'இட்' என்பார்கள், அதற்கும் அதுதான் வசதி. தமிழில் 'நான் வந்தேன், நான் பார்த்தேன்' என்றால் தன்மையில் பாலே கிடையாது, கடைசிவரை ஒரு சிக்கலும் வராது. யாராவது செய்தால் முதல் பிரதி எனக்கு.

நிலவுக்கல்:
பால் என்றதும் 1905-இல் வந்த 'சுல்தானாவின் கனவு' கட்டாயம் சேர வேண்டிய பெயர். ரோக்கியா சகாவத் ஹுசைன் வங்காளத்துக்காரர், ஆங்கிலத்தில் எழுதினார். பெண்கள் சூரிய வெப்பத்தை ஆயுதமாக்கிப் போரை ஜெயித்து நாட்டை நடத்துகிறார்கள், பறக்கும் வண்டியில் போகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். முதலில் அச்சானது நம் மெட்ராஸில், 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். அறிபுனை நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான். பத்துப் பன்னிரண்டு பக்கம்தான், இன்று இரவே படித்துவிடலாம்.

செங்காட்டுப்பூ, எந்த இடத்தில் இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு எது பிடித்தது?

செங்காட்டுப்பூ:
பனி மேல நடக்கற பகுதிக்கு வந்துட்டோம்ங்க. சிறையில சாகக் கெடந்த ஜென்லியை எஸ்ட்ராவென் தூக்கிட்டு வந்துருச்சு. ரெண்டு பேரும் ஒரு சறுக்கு வண்டியை இழுத்துக்கிட்டு, ஏறக்குறைய 80 நாள், ஆளே இல்லாத பனிப்பாளத்துல. ராத்திரிக்கு ஒரு சின்ன கூடாரம், ஒரு அடுப்பு, அளந்து அளந்து சாப்பாடு.

'சொல்லுச்சு'க்கு மாத்துனதுக்கு அப்பறம் அப்பா ஆம்பளையா பொம்பளையான்னு கேக்கவே இல்ல. "அது தூங்குச்சா, சாப்பிட்டுச்சா"ன்னு எஸ்ட்ராவெனைப் பத்திப் பக்கத்து வீட்டு ஆளாட்டம் கேக்குது. ஜென்லிக்கு மட்டும் 'அவன்'தான். "அவன் இன்னும் அசலூர்க்காரன்தானே"ங்குது. எஸ்ட்ராவெனோட நாட்டுக்காரங்களுக்கு 'ல' வராது, ஜென்லியை ஜென்ரின்னு கூப்பிடுவாங்கன்னு சொன்னதும் ரொம்ப நேரம் சிரிச்சுச்சு. மண்டிக்கு வர்ற வடக்கத்தி வியாபாரிங்க நம்ம 'ழ'வைப் படுத்துன பாட்டையெல்லாம் சொல்லுச்சு.

நடுநடுவுல வர்ற அந்த நாட்டுப் பழங்கதைங்கதான் அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது. பனிப்புயலுக்குள்ள ஒரு இடம், அங்க செத்தவங்க வெள்ளை வெளேர்னு இருப்பாங்கன்னு ஒரு கதை. அதை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லுச்சு.

நேத்து படிச்ச இடம்தான் மனசுல நிக்குது. வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. நிழலே விழாது. நிழல் இல்லாததால எங்க பள்ளம், எங்க மேடு, எங்க பொளவுன்னு தெரியாம ரெண்டு பேராலயும் ஒரு அடி எடுத்து வெக்க முடியல. வெளிச்சத்துக்குள்ளயே குருடாயிட்டாங்க. நான் சொல்லி நிறுத்துனேன். அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "எனக்கு இப்ப அப்பிடித்தான் சாமி இருக்கு. இருட்டுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இருட்டு இல்ல. பால் மாதிரி வெள்ளை. வாசப்படி எங்கன்னு தெரியாது"ன்னு சொல்லுச்சு. ஆறு மாசமா கூடவே இருக்கேன், இது எனக்குத் தெரியாதுங்க. வாசப்படி ஓரத்துல இன்னைக்குக் காலையில கறுப்பு பெயின்ட் அடிச்சுட்டேன்.

பனைநிழல்:
தங்கச்சி, நான் முதல் சொன்னதைத் திருப்பி எடுக்கேல்ல, புத்தகத்தில வந்தா எனக்கு இப்பவும் பிடிக்காது. ஆனா நீங்கள் அப்பாவுக்குச் சொல்லுறதை எனக்குக் கேக்க விருப்பம். ஃபெட்டருக்கு நிழல் இல்லாததால நிலத்தில கால் ஊண்டாது எண்டு நான் எழுதினதை இப்ப வேற மாதிரி நினைக்கிறன்.

யாழிசை:
என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். எட்டு வரிப் பத்தி ஒன்று கொடுத்து, பால் தெரியாத ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'அவர்' போட்டார்கள். ஒரு மாணவி எழுவாயே இல்லாமல், வினையெச்சமாக அடுக்கிக்கொண்டு போனாள்: "எழுந்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, வாசலைப் பார்த்து நின்று..." கடைசி முற்றுவினையை எழுதாமலே விட்டுவிட்டாள். இருபது வருடமாக எச்சம் நடத்துகிறேன், அது இதற்கு உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாம்வரைவு:
அந்தப் பத்தியை முடிந்தால் இங்கே போடுங்கள், அவள் பெயர் வேண்டாம். ஒரு முழு அத்தியாயத்தை அப்படிக் கொண்டுபோக முடியுமா என்று பார்க்க ஆசை.

செங்காட்டுப்பூ:
முடிவைச் சொல்லப் போறேன்ங்க. புத்தகம் படிக்காதவங்க இதைத் தாண்டிப் போயிருங்க.

நேத்து ராத்திரி முடிச்சுட்டோம். எல்லையில எஸ்ட்ராவென் துப்பாக்கிங்களுக்கு நேரா சறுக்கிட்டுப் போற இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு. அப்பாதான், "போயிருச்சா?"ன்னு கேட்டுச்சு. ஆமாப்பான்னேன். "அத்தன பனியில இழுத்துக்கிட்டு வந்து சேத்துச்சே"ன்னு மட்டும் சொல்லுச்சு. தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன்.

கடைசி அத்தியாயம் ஜென்லி எஸ்ட்ராவெனோட ஊருக்குப் போறது. அங்க எஸ்ட்ராவென் பெத்த பிள்ளை இருக்கு. அது எப்பிடிச் செத்துச்சுன்னு சொல்வியா, மத்த உலகத்தைப் பத்தியெல்லாம் எங்களுக்குச் சொல்வியான்னு அந்தப் பிள்ளை கேக்குது. அந்தக் கேள்வியோட புத்தகம் முடிஞ்சுருது. நான் மூடிட்டேன்.

அப்பா, "சொல்லுச்சா?"ன்னு கேட்டுச்சு.

எனக்குப் புரியல. யாருப்பான்னேன்.

"அந்த ஜென்ரிதான். பிள்ளைக்குச் சொல்லுச்சா?"

இன்னைக்கு ராத்திரி 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' ஆரம்பிக்கறோம்.